ஏரிக்கரைக்கு ஆர்வி எடுத்துக்கொண்டு போகிறீர்களா? வண்டி பேசும் முன் இடத்தைப் பிடியுங்கள்

அமெரிக்காவில் ஏரிக்கரை கேம்ப்கிரவுண்ட் (டென்ட் போட்டோ வண்டியை நிறுத்தியோ தங்கும் இடம்) ஒன்றுக்குக் குடும்பத்தோடு ஆர்வியில், அதாவது படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டியில், போகலாம் என்று முடிவானதும் நான் செய்த முதல் காரியம் வண்டியைப் பேசி முன்பணம் கட்டியது. 30 அடி வண்டி. அதற்கு அப்புறம்தான் இடம் தேட உட்கார்ந்தேன். தண்ணீரை ஒட்டிக் காலியாக இருந்த சைட்டுகள் (ஒவ்வொரு குடும்பத்துக்கும் பிரித்துத் தரும் இடங்கள்) எல்லாம் 24 அடி, 26 அடி வண்டிகளுக்கு மட்டும். சின்ன வண்டிக்கு மாற்றித் தரக் கேட்டால் அந்தத் தேதியில் அவர்களிடம் இல்லை, ரத்து செய்ததில் முன்பணத்தில் பெரும்பகுதி போய்விட்டது. கடைசியில் ஏரியிலிருந்து முக்கால் மைல் தள்ளி ஒரு சைட் கிடைத்தது, அதற்கும் இருட்டின பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். அடுத்த தடவை எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றிச் செய்தேன், பயணம் நன்றாகவே நடந்தது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆர்வி இல்லாமல் காரில் டென்ட் கொண்டு போகிறவர்களும் 4, 5, 7, 8, 9 தவிர மற்றதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

1. யாருடைய கேம்ப்கிரவுண்ட் என்று முதலில் பாருங்கள்

ஏரிக்கரை கேம்ப்கிரவுண்டுகளை நடத்துகிறவர்கள் பல தரப்பு. யார் நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதிவு செய்யும் இணையதளம், பதிவு தொடங்கும் நாள், கட்டணம், வசதி எல்லாமே மாறும்.

நேஷனல் பார்க், நேஷனல் ஃபாரஸ்ட் இரண்டும் மத்திய அரசுடையவை. காட்சி அபாரமாக இருக்கும், ஆனால் பெரும்பாலான இடங்களில் கரண்ட், தண்ணீர் இணைப்பு கிடையாது. எல்லோஸ்டோன் அவ்வளவு பெரிய பார்க், அதற்குள் ஹூக்கப் (இந்த இணைப்புகளுக்கான பெயர்) உள்ள கேம்ப்கிரவுண்ட் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான். ஸ்டேட் பார்க்குகள் அந்தந்த மாநிலத்துடையவை. கரண்ட் உள்ள சைட்டுகள் நிறைய, குளியலறையும் இருக்கும். முதல் தடவை போகும் குடும்பத்துக்கு இதுதான் சுலபம் என்பேன். தனியார் இடங்களில் கரண்ட், தண்ணீர், கழிவு மூன்றுக்கும் இணைப்பு, நீச்சல் குளம், சலவை இயந்திரம் வரை உண்டு. விலை கூடுதல், வண்டிகள் நெருக்கமாக நிற்கும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் பிரிவான ஆர்மி கோர் ஆஃப் இன்ஜினியர்ஸ் நடத்தும் கேம்ப்கிரவுண்டுகள். இவர்கள் அணை கட்டி உருவாக்கிய ஏரிகள் நாடு முழுக்க இருக்கின்றன, கேம்ப்கிரவுண்டுகள் அந்த ஏரிகளின் கரையிலேயே இருப்பதால் தண்ணீரை ஒட்டிய சைட்டுகள் தாராளமாகக் கிடைக்கும், பலவற்றில் கரண்ட்டும் உண்டு. நேஷனல் பார்க் பெயரைத் தேடியே பழகியவர்கள் கண்ணில் இது படுவதில்லை. நீங்கள் தேடுங்கள்.

2. பதிவு தொடங்கும் நாளைக் கேலண்டரில் குறியுங்கள்

மத்திய அரசின் கேம்ப்கிரவுண்டுகளுக்கு ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற தளம். அங்கே பல இடங்களுக்கு ஆறு மாதத்துக்கு முன் பதிவு திறக்கும், பெரும்பாலும் கிழக்கு நேரம் காலை 10 மணிக்கு. ஜூலை 10 அன்று போய் இறங்க வேண்டுமென்றால் ஜனவரி 10 காலை நீங்கள் கணினி முன்னால் இருக்க வேண்டும், கலிஃபோர்னியாவில் இருந்தால் அது காலை 7 மணி. மிச்சிகன், கலிஃபோர்னியா ஸ்டேட் பார்க்குகளுக்கும் ஆறு மாதம். மினசோட்டாவில் 120 நாள், அதாவது அதே ஜூலை 10-க்கு மார்ச் 12. ஒவ்வொரு இடத்தின் பக்கத்திலும் இது எழுதியிருக்கும், யூகிக்க வேண்டாம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு சீசன் ஆயிற்று. பதிவு திறப்பது நாம் போய் இறங்கும் தேதியை வைத்து. புதன்கிழமை இறங்குகிறவர் புதனுக்கான பதிவு திறந்ததுமே ஞாயிறு வரை சேர்த்து எடுத்துவிடலாம். ஆகவே வெள்ளிக்கிழமைக்கான பதிவு திறக்கும்போது நல்ல சைட்டுகள் ஏற்கெனவே போயிருக்கும். நீங்கள் மணி அடித்ததும் பட்டனை அழுத்தியும் ஒன்றுமே இல்லை என்று காட்டினால் காரணம் இதுதான். ஒரு நாள் விடுப்பு எடுக்க முடியுமென்றால் வியாழனில் தொடங்குங்கள், இரண்டு நாள் எடுக்க முடிந்தால் புதன். கோடை விடுமுறையில் ஞாயிறு இறங்கி வியாழன் கிளம்புகிற பயணத்துக்குப் போட்டியே குறைவு, ஏரியும் அமைதியாக இருக்கும்.

முந்தின நாளே கணக்கு தொடங்கி, அட்டை விவரம் ஏற்றி, வண்டி நீளத்தைக் குறித்து, விருப்பமான சைட் எண்கள் ஐந்தாறைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சைட் எண்ணை மட்டும் நம்பிக்கொண்டு உட்காராதீர்கள்.

கிடைக்கவில்லையா, விடாதீர்கள். ரத்துகள் வந்துகொண்டே இருக்கும். அந்தத் தளத்திலேயே இடம் காலியானால் மின்னஞ்சல் அனுப்பும் வசதி இருக்கிறது. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் வானிலை முன்னறிவிப்பு வரத் தொடங்கியதும் நிறைய பேர் ரத்து செய்வார்கள், எங்களுக்குத் தண்ணீர் ஓரத்து சைட் கிடைத்தது அப்படித்தான்.

கட்டண விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரெக்ரியேஷன் டாட் கவ்வில் ஆன்லைன் பதிவுக் கட்டணம் 8 டாலர், திரும்ப வராது. ரத்து செய்தால் 10 டாலர், அதையே போய் இறங்கும் நாளோ அதற்கு முந்தின நாளோ செய்தால் முதல் இரவின் கட்டணமும் சேர்ந்து போகும். சொல்லாமல் போகாமலேயே இருந்தால் 20 டாலரும் முதல் இரவுக் கட்டணமும். போக முடியாது என்று தெரிந்தால் அன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள், உங்களுக்கும் பணம் மிச்சம், காத்திருக்கும் இன்னொரு குடும்பத்துக்கும் இடம் கிடைக்கும்.

3. சைட் விவரத்தை வரி விடாமல் படியுங்கள்

நான் ஏமாந்தது இங்கேதான், ஆகையால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வண்டி நீளம் முதலில். சைட்டின் அதிகபட்ச நீளம் 26 அடி என்றால், பின்னால் சைக்கிள் தாங்கி மாட்டியிருந்தால் அதையும் சேர்த்து 26. இழுத்துச் செல்லும் டிரெய்லர் என்றால் பல இடங்களில் காரும் டிரெய்லரும் சேர்த்துக் கணக்கு. வளைவான சாலை, மரங்கள் இருக்கும் பழைய கேம்ப்கிரவுண்டுகளில் 25 அடி வண்டிக்கே திருப்ப இடம் இருக்காது. பின்னால் எடுத்து நிறுத்த வேண்டிய சைட்டா, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறலாமா என்றும் பாருங்கள். முதல் தடவைக்கு இரண்டாவது வகை கிடைத்தால் விடாதீர்கள்.

'ஏரிக்காட்சி' என்று போட்டிருந்தால் ஏரி கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். தண்ணீருக்கும் சைட்டுக்கும் நடுவில் சரிவோ சாலையோ இருக்கலாம். வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மரநிழல் எங்கே, படகு இறக்கும் சரிவு எங்கே, கழிப்பறை எவ்வளவு தூரம் என்று எல்லாம் தெரிந்துவிடும். படகு இறக்கும் இடத்துக்குப் பக்கத்து சைட் வேண்டாம், மீன் பிடிக்கிறவர்கள் விடியும் முன்பே என்ஜினைக் கிளப்புவார்கள். ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்தால் தண்ணீர் ஓர சைட்டே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இரண்டாவது வரிசையில் எடுங்கள், நீங்கள் அடுப்பைப் பார்க்கத் திரும்பும் அரை நிமிடத்துக்கு நிம்மதி இருக்கும்.

சில இடங்களில் வகைக் கட்டுப்பாடு உண்டு. நான் மேலே சொன்ன ஃபிஷிங் பிரிட்ஜில் கிரிஸ்லி கரடி நடமாட்டத்தால் கெட்டியான சுவர் உள்ள வண்டிகளுக்கு மட்டும்தான் அனுமதி, டென்ட்டும் துணிச் சுவர் உள்ள மடிப்பு டிரெய்லரும் கூடாது. மினசோட்டாவின் வாயேஜர்ஸ் நேஷனல் பார்க்கில் ஏரிக்கரை சைட்டுகளுக்குப் படகில்தான் போக முடியும். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டுப் பணம் கட்டிவிட்டு, அப்புறம் இதைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அணை ஏரிகளில் ஆகஸ்ட் வாக்கில் நீர்மட்டம் இறங்கும். ஜூனில் தண்ணீர் ஓரமாக இருந்த சைட் அப்போது சேற்றுப் பரப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும், படகு இறக்கும் சரிவையும் மூடிவிடுவார்கள். போகும் முன் நீர்மட்டம் பாருங்கள்.

4. இப்போது வண்டி

சைட் கையில் இருந்தால் வண்டி தேர்வது சுலபம். வாடகைக்கு அதிகம் கிடைப்பது கிளாஸ் சி, ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை துருத்திக்கொண்டிருக்குமே, அதுதான். வேன் மாதிரி இருப்பது கிளாஸ் பி, இரண்டு பேருக்கு மேல் திணறும். பஸ் மாதிரி இருப்பது கிளாஸ் ஏ, முதல் தடவைக்கு வேண்டாம். நான்கு பேர் குடும்பத்துக்கு 22 முதல் 25 அடி கிளாஸ் சி போதும். எத்தனை பேர் தூங்கலாம் என்ற எண்ணை அப்படியே நம்பாதீர்கள், 'ஆறு பேர்' என்பது சாப்பாட்டு மேஜையைப் படுக்கையாக்கிய பிறகு வரும் கணக்கு.

பேசும்போது கட்டாயம் கேட்க வேண்டியது சீட் பெல்ட். எத்தனை இருக்கைகளுக்கு பெல்ட் இருக்கிறது, அதில் முன்னோக்கிய இருக்கை எத்தனை? குழந்தைகளுக்கான கார் சீட்டைப் பக்கவாட்டு இருக்கையிலோ பின்நோக்கிய இருக்கையிலோ மாட்டக் கூடாது. மேஜையைச் சுற்றியுள்ள இருக்கைகளில் பாதி பின்நோக்கியவை, எனவே இரண்டு கார் சீட் தேவைப்படும் குடும்பம் இதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வண்டி ஓடும்போது யாரும் படுக்கையில் படுக்கக் கூடாது.

உரிமம் பற்றிப் பயம் வேண்டாம். பெரும்பாலான மாநிலங்களில் 26,000 பவுண்டுக்குள் இருக்கும் வண்டிக்குச் சாதாரண உரிமமே போதும், வாடகைக்கு வரும் கிளாஸ் சி வண்டிகள் அதற்குள் அடங்கிவிடும். வாடகை நிறுவனம் தனியாக வயது வரம்பு வைத்திருக்கும். ஓட்டப் போகும் இரண்டாவது ஆளின் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள், பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதாவது நடந்தால் காப்பீடு நிற்காது.

5. பணக் கணக்கு

விளம்பரத்தில் போட்ட ஒரு இரவு வாடகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். எங்கள் பயணத்தில் அது மொத்தச் செலவில் பாதிகூட வரவில்லை. தனித்தனியாக எழுதிப் பாருங்கள்: வாடகை, மைல் கட்டணம், ஜெனரேட்டர் மணிக் கட்டணம், காப்பீடு, பாத்திரம்-படுக்கை கிட், சுத்தம் செய்யும் கட்டணம், வரி, திரும்பி வரும் வைப்புத்தொகை, பெட்ரோல், கேம்ப்கிரவுண்ட் கட்டணம், பார்க் நுழைவு.

மைல் கட்டணத்தில்தான் அதிகம் பேர் விழுவார்கள். நாளுக்கு இத்தனை மைல் இலவசம், அதற்கு மேல் மைலுக்கு இவ்வளவு என்று இருக்கும். வரைபடம் காட்டும் தூரத்தோடு, கடைக்குப் போய்வர, கழிவு இறக்க, வழி தப்பிச் சுற்ற என்று 15 சதவீதமாவது கூட்டிக்கொள்ளுங்கள். பெட்ரோலுக்கு: கிளாஸ் சி வண்டி கேலனுக்கு 8 மைல் கொடுக்கும் என்று வைத்துக்கொண்டால் போய்வர 400 மைலுக்கு 50 கேலன். காரில் பழகிய கண்ணுக்கு அந்த ரசீது பெரிதாகத்தான் தெரியும்.

காப்பீட்டில் இரண்டு தொலைபேசி அழைப்புகள் செய்ய வேண்டும். கிரெடிட் கார்டு தரும் வாடகைக் கார் பாதுகாப்பு பெரும்பாலும் ஆர்விக்குப் பொருந்தாது. உங்கள் கார் காப்பீடு வாடகை ஆர்வியை ஏற்குமா என்பதை முகவரிடம் கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். இரண்டும் இல்லையென்றால் வாடகை நிறுவனத்தின் காப்பீட்டை எடுக்கத்தான் வேண்டும். அதிலும் கூரை, கண்ணாடி, டயர், பக்கவாட்டில் விரியும் துணிப் பந்தல் ஆகியவை விலக்கா என்று பாருங்கள். சேதம் வருவது அங்கெல்லாம்தான்.

பார்க் நுழைவு தனி. மிச்சிகன், மினசோட்டா மாதிரி மாநிலங்களில் கேம்ப் கட்டணத்தோடு வாகன அனுமதி சேராது. நேஷனல் பார்க் ஆண்டு அட்டை நுழைவுக்கு மட்டும், கேம்ப்புக்கு அல்ல. 62 வயது கடந்தவர்களின் சீனியர் அட்டைக்கு மத்திய அரசின் பல கேம்ப்கிரவுண்டுகளில் பாதிக் கட்டணம், ஆனால் குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும்தான் வாங்க முடியும். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவுக்குப் பொருந்தாது, அதை நம்பிப் பதிவு செய்யாதீர்கள்.

6. காகிதங்கள்

ஏரிக்கரைகளில் சிக்னல் இருக்காது என்று வைத்துக்கொண்டே தயாராகுங்கள். பதிவு உறுதிச்சீட்டு, சைட் எண் உள்ள வரைபடம், வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுப் பக்கம், ஓட்டுநர்கள் இருவரின் உரிமம், மருத்துவக் காப்பீட்டு அட்டைகள், நாய் வருகிறதென்றால் ரேபிஸ் தடுப்பூசிச் சான்று. எல்லாவற்றையும் அச்சிட்டு ஒரு உறையில் போடுங்கள். போகும் பகுதியின் வரைபடத்தைப் போனில் இறக்கி வையுங்கள். பதிவு செய்தவர் பெயரும் அங்கே போய் நிற்கிறவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், நண்பர் பெயரில் எடுத்த சைட்டை நீங்கள் பயன்படுத்துவதைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள்.

மீன் பிடிக்க உரிமம் வேண்டும், அந்தந்த மாநிலத்தில் வாங்க வேண்டும், ஓரிரு நாளுக்கான உரிமமும் பல மாநிலங்களில் உண்டு. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தேவையில்லை, வயது வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

கனடா பக்கத்து ஏரிக்குப் போவதாக இருந்தால் கடவுச்சீட்டு, விசா, திரும்பி வரும்போது தேவைப்படும் குடியேற்றத் தாள்கள், ஒரு பெற்றோர் மட்டும் குழந்தையோடு போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதம், வண்டியை எல்லை தாண்ட விடுகிறோம் என்று வாடகை நிறுவனத்தின் எழுத்து, கனடாவில் செல்லும் காப்பீட்டு அட்டை, இத்தனையும் வேண்டும். விசா முத்திரை காலாவதியாகி இருந்தால் கிளம்பும் முன் வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

7. வண்டியை வாங்கும் அன்று

இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அவர்கள் அவசரப்படுத்தினாலும் நீங்கள் அவசரப்படாதீர்கள். உள்ளும் வெளியும், கூரை ஓரம், டயர், சக்கர விளிம்பு எல்லாவற்றையும் பேசிக்கொண்டே வீடியோ எடுங்கள். அடுப்பு, ஃபிரிட்ஜ், ஹீட்டர், ஏசி, தண்ணீர் பம்ப், கழிவு வால்வு ஒவ்வொன்றையும் ஓட்டிக் காட்டச் சொல்லி அதையும் வீடியோவில் பிடியுங்கள். இரவு பதினொரு மணிக்கு ஹீட்டர் கிளம்பாதபோது அந்த வீடியோதான் உதவும். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் சோதனை பட்டனை நீங்களே அழுத்திக் கேளுங்கள்.

வண்டியின் உயரத்தைக் கேட்டுப் பெரிய எழுத்தில் எழுதி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். கூரை ஏசியையும் சேர்த்து 11, 12 அடி வரும்.

8. ஓட்டுவதும் போய்ச் சேர்வதும்

நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் வழிகாட்டி ஆப்புக்கு உங்கள் வண்டி உயரம் தெரியாது. நியூயார்க் நகரைச் சுற்றிய பார்க்வே சாலைகளில் தாழ்வான பாலங்கள் உண்டு, ஆர்வியை அங்கே கொண்டு போகவே கூடாது. சில சுரங்கச் சாலைகளில் புரொப்பேன் கேஸ் சிலிண்டரோடு நுழையத் தடை. ஆர்விக்கென்றே இருக்கும் வழிகாட்டி ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்க் கூரை, டிரைவ்-த்ரூ, மரக்கிளை, இவையெல்லாம் இனி உங்கள் கவலை.

பின்சக்கரத்துக்குப் பின்னால் வண்டி நீண்டிருப்பதால், நீங்கள் இடப்பக்கம் திருப்பும்போது வால் வலப்பக்கம் வீசும். காலி வாகன நிறுத்தத்தில் அரை மணி நேரம் பழகுங்கள், அந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள். கார் மூன்று மணி நேரத்தில் போகும் தூரத்துக்கு நான்கரை மணி வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே சேர்ந்துவிட வேண்டும். இருட்டில் பின்னால் எடுப்பது பழகியவர்களுக்கே கஷ்டம். எங்களுக்கு அன்று பக்கத்து சைட்டுக்காரர் டார்ச் பிடித்து உதவினார், அவர் இல்லையென்றால் மரத்தில்தான் இடித்திருப்பேன். பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி, ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி நின்று கை காட்ட வேண்டும். அவர் கண்ணாடியில் தெரியாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

9. கரண்ட், தண்ணீர், கழிவு

30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட் வரை. ஏசி சுமார் 1,500, மைக்ரோவேவ் 1,000-க்கு மேல், எலக்ட்ரிக் கெட்டில் 1,500. மூன்றையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும். கெட்டில் வைக்கும்போது ஏசியை நிறுத்துங்கள், அவ்வளவுதான். செருகும் முன் கம்பத்திலுள்ள பிரேக்கரை அணைத்து, செருகிவிட்டு, பிறகு போடுங்கள். 50 ஆம்ப் சைட்டில் பிளக் வடிவம் வேறு, அடாப்டர் வண்டியில் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

தண்ணீருக்கு வெள்ளை நிறக் குடிநீர்க் குழாயும் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரும் வேண்டும். கேம்ப்கிரவுண்ட் குழாயில் அழுத்தம் அதிகமாக இருந்தால் வண்டிக்குள் இணைப்பு பிய்த்துக்கொள்ளும். சைட்டில் தண்ணீர் இல்லையென்றால் தொட்டியை நிரப்பிக்கொண்டு போக வேண்டும். 40 கேலன் என்பது ஏறக்குறைய 150 லிட்டர், எடையும் 150 கிலோ, வண்டி ஓட்டும்போது நன்றாகத் தெரியும். ஆகவே கேம்ப்கிரவுண்டுக்குள் போன பிறகு நிரப்ப முடியுமா என்று பார்த்து அங்கே நிரப்புங்கள். வீட்டில் குளிப்பது மாதிரி குளித்தால் நான்கு பேருக்கு இரண்டு நாள்கூட வராது. கேம்ப்கிரவுண்டின் குளியலறையைப் பயன்படுத்துங்கள்.

கழிவுத் தொட்டி இரண்டு. கழிப்பறைக்கு ஒன்று, குளியல்-பாத்திரத் தண்ணீருக்கு ஒன்று. சைட்டிலேயே கழிவு இணைப்பு இருந்தாலும் கழிப்பறைத் தொட்டியின் வால்வை மூடியே வையுங்கள், திறந்து விட்டால் நீர் மட்டும் ஓடிக் கெட்டியானது அடியில் தங்கிவிடும். அதைச் சரிசெய்யும் செலவு உங்கள் வைப்புத்தொகையில் கழியும். இறக்கும்போது கழிப்பறைத் தொட்டி முதலில், மற்றது பிறகு, அப்போதுதான் குழாய் கழுவிப் போகும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஆர்விக்கான கழிப்பறைக் காகிதத்தைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள், ஈரத் துடைப்பான் கூடவே கூடாது. பாத்திரத் தண்ணீர்தானே என்று தரையில் திறந்து விட வேண்டாம். ஏரியில் சோப்பு போட்டுக் கழுவவும் வேண்டாம், மக்கும் சோப்பாக இருந்தாலும் கரையிலிருந்து 200 அடி தள்ளித்தான்.

10. ஏரியும் குழந்தைகளும்

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெரும்பாலான கேம்ப்கிரவுண்ட் ஏரிகளில் உயிர்காப்பாளர் கிடையாது. ஏரித் தண்ணீர் கலங்கலாக இருக்கும், நீச்சல் குளம் மாதிரி அடி தெரியாது, இரண்டு அடி ஆழம் திடீரென்று எட்டு அடியாகும். தண்ணீர் பக்கம் போகும் குழந்தைக்கு உயிர்காப்பு ஜாக்கெட் மாட்டுங்கள், அமெரிக்கக் கடலோரக் காவல்படை அங்கீகரித்தது என்று உள்ளே அச்சிட்டிருக்க வேண்டும். 30 பவுண்டுக்குக் கீழ், 30 முதல் 50, 50 முதல் 90 என்று எடை வாரியாக அளவு. மாட்டியதும் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், முகவாய்க்கு மேல் ஏறினால் பெரிது. கையில் மாட்டும் காற்றுப் பட்டை இதற்கு ஈடே இல்லை. படகு ஓடும்போது அதில் இருக்கும் 13 வயதுக்குக் குறைந்தவர்கள் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும் என்பது மத்திய விதி, பல மாநிலங்களுக்குத் தனி விதி உண்டு.

பெரியவர்கள் நாலு பேர் கரையில் உட்கார்ந்திருந்தால் நாலு பேரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைப்பார்கள். 15 நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள், முறை வந்தவர் கையில் போன் இருக்கக் கூடாது.

காற்று கரையிலிருந்து ஏரிப்பக்கம் அடிக்கும் நாளில் காற்றடைத்த மிதவைகளை எடுக்காதீர்கள். கரையில் தண்ணீர் சாதுவாகத் தெரியும், மிதவை நீங்கள் நீந்திப் பிடிக்க முடியாத வேகத்தில் போய்விடும். கிரேட் லேக்ஸ் எனும் பேரேரிகளில் இது பெரிய ஆபத்து. சுப்பீரியர் ஏரி நடுக்கோடையிலும் உடம்பை உறையவைக்கும் குளிர்ச்சி. இடி கேட்டால் வெளியே வாருங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி இறங்க வேண்டும்.

கோடையின் பின்பகுதியில் தண்ணீர் மேல் பச்சைப் பெயின்ட் கொட்டியது போல் படலம் தெரிந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம், குழந்தையையும் நாயையும் தொடவே விடாதீர்கள், நாய்க்கு அது உயிரையே எடுக்கும். வாத்துகள் அதிகம் உள்ள ஆழமற்ற கரையில் குளித்தால் தோலில் சொறி வரும், வெளியே வந்ததும் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டால் குறையும். இரவு படுக்கும் முன் குழந்தைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம் என்று உண்ணி இருக்கிறதா பாருங்கள்.

11. தீ, விறகு, கரடி

விறகை வீட்டிலிருந்து கொண்டு போகாதீர்கள். ஆஷ் மரங்களைக் கொல்லும் பச்சை வண்டு போன்ற பூச்சிகள் விறகில் ஒளிந்துதான் புது இடங்களுக்குப் பரவுகின்றன, பல மாநிலங்களில் விறகு கொண்டு வரத் தடை இருக்கிறது. கேம்ப்கிரவுண்டிலேயோ பக்கத்திலேயோ வாங்குங்கள். இதே காரணத்தால்தான் சொந்தக் கயாக் கொண்டு போனால் ஒவ்வொரு ஏரிக்கும் பிறகு கழுவி, நீரை வடித்து, காயவைக்கச் சொல்கிறார்கள். ஜீப்ரா மட்டிகள் ஒட்டிக்கொண்டு அடுத்த ஏரிக்குப் போய்விடும். கிளம்பும் நாள் காலையில் தீத்தடை அமலில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் சமையலுக்கு கேஸ் அடுப்பு மட்டும். அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கையை அருகில் வைத்துச் சூடு இல்லை என்றான பிறகு தூங்கப் போங்கள்.

கரி அடுப்பு, கேஸ் அடுப்பு எதையும் டென்ட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம், மழை பெய்தாலும், குளிர் அடித்தாலும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கரடி நடமாடும் பகுதியில் உணவோடு பற்பசை, சன்ஸ்கிரீன், குப்பை எல்லாம் கேம்ப்கிரவுண்டில் இதற்கென்று வைத்திருக்கும் இரும்புப் பெட்டியில். குழந்தையின் கார் சீட்டில் சிந்திய பிஸ்கட் தூளையும் தட்டிவிடுங்கள்.

12. கிளம்பும் காலை

முந்தின இரவே பாதி கட்டி வையுங்கள், கழிவு இறக்கும் இடத்தில் ஞாயிறு காலை பத்து மணிக்கு வரிசை நீளும். எட்டுக்குள் போய்விட்டால் காத்திருக்க வேண்டியதில்லை. அப்புறம் வண்டியைச் சுற்றி ஒரு நடை: கரண்ட் கம்பி கழற்றியாயிற்றா, தண்ணீர்க் குழாய், படி உள்ளே போயிற்றா, பந்தல் சுருட்டிப் பூட்டியிருக்கிறதா, கூரை ஜன்னல்கள் மூடியிருக்கிறதா, சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டைகள் எங்கே. உள்ளே அலமாரி, ஃபிரிட்ஜ் கதவுத் தாழ்ப்பாள்கள். இந்தப் பட்டியலை அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் தொங்கவிட்டேன், ஒருவர் படிக்க ஒருவர் தொட்டுப் பார்க்க வேண்டும்.

திருப்பிக் கொடுக்கும் நேரத்துக்கு இரண்டு மணி முன்னால் ஊருக்குள் வந்துவிடுங்கள். பெட்ரோல், புரொப்பேன் நிரப்பின ரசீது, மைல் மீட்டர், ஜெனரேட்டர் மணி மீட்டர் மூன்றையும் படம் எடுங்கள், வெளிப்புறத்தை மறுபடி ஒரு வீடியோ. வைப்புத்தொகை எத்தனை நாளில் திரும்பும் என்று எழுத்தில் வாங்கி, அந்தத் தேதியைக் கேலண்டரில் போட்டுவிட்டு, சாவியைக் கொடுங்கள்.